ஆயிரத்தொன்பதாவது கதவு

எங்கள் குடியிருப்பில் ஆயிரத்தெட்டு வீடுகள். பேச்சுக்குச் சொல்கிற ஆயிரத்தெட்டு இல்லை, எண்ணிப் பார்த்தாலும் அதேதான். ஏழு கட்டடங்கள், கட்டடத்துக்குப் பன்னிரண்டு மாடிகள், மாடிக்குப் பன்னிரண்டு வீடுகள். முதல் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒன்று என்று ஆரம்பிக்கிற கதவு எண், ஏழாவது கட்டடத்தின் உச்சியில் ஆயிரத்தெட்டில் முடியும். அத்தனை வீட்டுத் துணிக்கும் இஸ்திரி போடுகிறவள் நான். யார் வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதைச் சட்டைக் கசங்கலை வைத்தே சொல்லிவிடுவேன்.

என் அறை மூன்றாவது கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. துடைப்பமும் வாளியும் வைப்பதற்காகக் கட்டிய அறை. கூரை படிக்கட்டோடு சேர்ந்து சரிந்து வரும், கதவுப் பக்கம் மட்டும்தான் நிமிர்ந்து நிற்க முடியும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு நான்கு வயது. அப்போது இங்கே மேற்பார்வை பார்த்த பெரியவர், "தற்காலிகமா இருந்துக்கம்மா" என்றார். அந்தத் தற்காலிகம் ஏழு வருடம் ஓடிவிட்டது. அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். கதவுக்கு எண் கிடையாது. எண் இல்லாததால் எந்தப் பட்டியலிலும் நாங்கள் இல்லை. யாரும் கேட்காதவரைக்கும் அறை என்னுடையது, கேட்டுவிட்டால் அன்றைக்கே நடுத்தெரு.

இதில் இன்னொரு வில்லங்கம். நான் இஸ்திரி போடுவது கேஸில். சின்ன சிலிண்டர், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாயின் முனையில் இஸ்திரிப் பெட்டி. அந்த அறைக்குள் கேஸ் வைக்க எனக்கு யாரும் அனுமதி தரவில்லை. அதனால் பழைய கரிப்பெட்டி ஒன்றை மேசை மேல் பார்வைக்கு வைத்துவிட்டு, சிலிண்டரைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

ஆக, இந்தக் குடியிருப்பில் நான் பயந்த ஒரே ஆள் மூக்கக்காதான்.

அவர் கேஸ் குழாய் பரிசோதகர். ஒரு கையில் சோப்புத் தண்ணீர் டப்பாவும் பிரஷும், இன்னொரு கையில் டார்ச். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று கண் கொட்டாமல் பார்ப்பார். ஆனால் நுரைக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். சின்ன வயதில் பால் கெட்டுவிட்டதா என்று பார்க்க அக்கம்பக்கத்தார் எல்லாம் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். பிறகு ரொட்டி சுடுகிற பேக்கரியில் வேலை. அங்கே ஒரு நாள் பெரிய அடுப்பின் தீ தானாக அணைந்து கேஸ் பரவியதை, எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது இவர் ஒருவர்தான் மோந்து பிடித்தார். அந்தப் பேரோடுதான் இந்த வேலைக்கு வந்தார். கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் சாலையில். அவர் எந்த ஊரில் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்பதைச் சட்டையை மோந்தே சொல்வார் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பயந்தே அந்த மனிதர் ஒழுங்காக இருந்தார் என்றும் சொல்வார்கள்.

அக்காவுக்கு ஆண்கள் அளவுப் பாதம். கனத்த கறுப்பு ஷூ போட்டிருப்பார். எந்த வீடானாலும் கதவுக்கு வெளியே அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "கேஸ் செக்கிங்ங்க. உள்ள வரலாமா?" என்பார். வீட்டிலிருப்பவர் வாயைத் திறந்து "வாங்க" என்று சொல்லும்வரை உள்ளே கால் வைக்க மாட்டார். கதவு விரியத் திறந்திருந்தாலும் சரி, குழந்தைகள் கையைப் பிடித்து இழுத்தாலும் சரி. எங்கேயும் டீ குடிக்க மாட்டார். "ஒரு நாளைக்குப் பன்னெண்டு வீடு. பன்னெண்டு டீ குடிச்சா அப்புறம் என் குழாயை யாரு செக் பண்றது?" என்பார்.

முன்பெல்லாம் பரிசோதனை கதவு எண் வரிசைப்படி நடந்தது. அது எல்லாருக்கும் வசதி. நாளைக்கு நம் மாடி என்று முதல் நாளே தெரிந்துவிடும். திருட்டு இணைப்பு வைத்தவர் கழற்றி வைப்பார், பழைய குழாயை மாற்றாதவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார். மூன்றாவது கட்டடத்துக்கு முறை வரும்போது நானும் கடையைச் சாத்திவிட்டு மகளோடு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவேன்.

புதிதாக வந்த மேலாளர் இதைப் புரிந்துகொண்டார். நல்ல மனிதர். எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்கிற துடிப்பு உள்ளவர். வரிசையாகப் போக வேண்டாம், தாவித் தாவிப் போங்கள் என்றார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எண்ணை அக்காவிடம் மட்டும் சொல்வார். முதல் தடவை நூறு. முதலாம் வீட்டில் ஆரம்பித்து நூற்றொன்று, இருநூற்றொன்று என்று நூறு நூறாகத் தாவ வேண்டும். ஆயிரத்தெட்டைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து தொடர்ந்து எண்ணிக்கொள்ள வேண்டும். எந்த நாள் யார் வீடு என்று எவனாலும் ஊகிக்க முடியாது, எல்லா வீடும் ஒரு நாள் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவருக்கு நூறு, இருநூறு, ஐந்நூறு மாதிரி சைபரில் முடிகிற எண் என்றால் உயிர்.

எனக்குத்தான் திண்டாட்டம். இந்த அம்மாள் எப்போது எந்தக் கட்டடத்தில் நிற்பார் என்றே தெரியவில்லை. காலையில் ஆறாவது கட்டடம், அடுத்த நிமிடம் என் தலைக்கு மேல் படியில் அந்த ஷூ சத்தம். "வேற வேலை இல்ல, பேய் மாதிரி அலையுது" என்று துணிக்கு மேல் திட்டிக்கொண்டே இருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மூன்று மாதம் பிடிக்க வேண்டிய சுற்றில், நாலாவது வாரமே அவர் முதலாம் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டார். கூட்டியதில் தன்னிடம்தான் ஏதோ பிசகு என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் இன்னொரு சுற்றுக் கிளம்பினார். மறுபடியும் அதே கதவுகள். எரிச்சல் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. துணி போடுகிறவர்கள் எல்லாம் பொருமினார்கள். "போன மாசம்தான் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு மட்டும் போறதே இல்ல. அவங்க என்ன அதுக்கு மாமன் மச்சானா?"

நான் மூட்டைகளில் சாக்பீஸால் கதவு எண் எழுதுகிறவள். பொருமுகிறவர்களின் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சேர்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எந்தக் கட்டடமானாலும், எந்த மாடியானாலும், பொருமல் வருவது மாடியின் முதல் வீடு, ஐந்தாம் வீடு, ஒன்பதாம் வீடு ஆகிய மூன்றிலிருந்துதான். மற்ற ஒன்பது வீடுகளும் வாயே திறக்கவில்லை.

அந்த வாரம் அக்கா தன் நீலக் கோட்டோடு என் அறைக்கு வந்தார். பட்டன் அறுந்துவிட்டதாம். துடைப்ப அறைக்கு யார் அனுமதி கேட்பார்கள்? ஷூவோடு நேராக உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் காலால் குழாயை மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன். பதற்றத்தில் வாய் தானாக ஓடியது.

"உங்க மேல ஊரே கடுப்புல இருக்குக்கா. அதுவும் ஒண்ணு, அஞ்சு, ஒம்பது வீட்டுக்காரங்க மட்டும்."

என் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

மூட்டைகளைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். மெல்ல என் பட்டன் டப்பாவை இழுத்து, பன்னிரண்டு வெள்ளை பட்டன்களை மேசையில் வட்டமாக வைத்தார்.

"இது ஒரு மாடின்னு வெச்சுக்க. பன்னெண்டு பன்னெண்டாக் கழிச்சா நூறுல மிச்சம் நாலு. நாலு நாலாத் தாவுவோம்." விரல் முதல் பட்டனில் ஆரம்பித்து ஐந்தாவதற்குப் போனது, ஒன்பதாவதற்குப் போனது, அடுத்த தாவலில் முதல் பட்டனிலேயே வந்து உட்கார்ந்தது. எத்தனை தடவை சுற்றினாலும் அதே மூன்று பட்டன்.

"அடப்பாவமே" என்றார். "எத்தனை வருஷம் நடந்தாலும் மீதி வீட்டுக்கு நான் போகவே மாட்டேன்."

ஆறு ஆறாகத் தாவினால் இரண்டே பட்டன். மூன்று மூன்றாகத் தாவினால் நான்கு. ஐந்து ஐந்தாகத் தாவினால் மட்டும் பன்னிரண்டையும் தொட்டது.

"அப்ப அஞ்சு மாதிரி ஒரு நம்பரைச் சொல்லச் சொல்லுங்களேன்" என்றேன்.

"அவரு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்வாரு. சைபர் வெச்சுத்தான் சொல்வாரு. எதைச் சொன்னாலும் எல்லா வீட்டுக்கும் போற மாதிரி இருக்கணும்." பட்டன்களை மறுபடி ஒரு தடவை விரலால் எண்ணினார். பிறகு டப்பாவில் கைவிட்டு, எந்தச் சட்டைக்கும் பொருந்தாத பெரிய சிவப்பு பட்டன் ஒன்றை எடுத்து வட்டத்தில் சேர்த்தார்.

"இது யாரு?" என்றேன்.

"யாரும் இல்ல. சும்மா."

நாலு நாலாகத் தாவினோம். ஒன்று, ஐந்து, ஒன்பது, பதிமூன்று. அடுத்தது நான்காவது பட்டனில் போய் விழுந்தது. எட்டு, பன்னிரண்டு, மூன்று... ஒரு பட்டன் விடாமல், ஒரு பட்டனை இரண்டாம் முறை தொடாமல், கடைசியில் முதலுக்கு வந்தது. ஆறில் தாவினோம், மூன்றில் தாவினோம், பத்தில் தாவினோம். எதில் தாவினாலும் பதிமூன்றும் வந்தன. நான் இஸ்திரியை மறந்தேன், அவர் அடுத்த வீட்டை மறந்தார். இரண்டு பொம்பளைகள் பட்டன் வைத்து விளையாடிக்கொண்டிருந்ததை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

"பன்னெண்டைப் பங்கு போடலாம். அதான் சின்ன வட்டமா மாட்டிக்குது. பதிமூணை யாராலும் பங்கு போட முடியாது" என்றார். சட்டென்று என் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவின் உள்பக்கத்தில் ஆயிரத்தொன்பது என்று எழுதி, ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு, மூன்று, ஐந்தால் போகாது என்பது பார்த்தாலே தெரிந்தது. ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. பதினொன்றால் போகவில்லை, பதிமூன்றால் போகவில்லை. முப்பத்தொன்று வரை வந்து நிறுத்திவிட்டார்.

"இன்னும் எவ்ளோ நம்பர் இருக்கு, அதுக்குள்ள விட்டுட்டீங்க?"

"முப்பத்திரண்டை முப்பத்திரண்டால பெருக்கினா ஆயிரத்தொம்பதைத் தாண்டி ஓடிடுது. அதுக்கு மேல ஒரு பெரிய நம்பர் இதை வகுக்கும்னா, அதோட ஜோடி சின்னதா இருக்கணும். சின்னதெல்லாம்தான் பார்த்துட்டோமே." சாக்பீஸ் தூளைக் கோட்டில் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணு கூட வெச்சா போதும். எந்த நம்பராலும் இதை உடைக்க முடியாது."

மேலாளரிடம் போய்ச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. தன் மேசையிலேயே பேப்பர் கிளிப்புகளை வட்டமாக அடுக்கிப் பார்த்துவிட்டு, "பகா எண்! பள்ளிக்கூடத்துல படிச்சது, பரீட்சையோட போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். பட்டியலில் ஆயிரத்தொன்பது என்று ஒரு வரி சேர்ந்தது. பக்கத்தில் 'காலி' என்று எழுதினார்கள். அடுத்த சுற்றுக்கு அவர் சொன்ன எண் இருநூறு. பழக்கம் விடுமா?

அந்தச் சுற்றில் அக்கா இதுவரை எட்டிப் பார்க்காத வீடுகளுக்குள் எல்லாம் போனார். வெடித்த குழாய்கள், துருப்பிடித்த இணைப்புகள், சமையலறைக்குள் தூங்கிய ஒரு கைக்குழந்தையின் தொட்டிலுக்கு நேர் மேலே ஒரு கசிவு. கண்டுபிடித்ததை என்னிடம் சொல்லும்போது அவர் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை, எத்தனை நாள் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்தோம் என்று கணக்குத்தான் போட்டார்.

சுற்று பாதி வந்திருக்கும். ஒரு மத்தியானம் திடீரென்று என் வாசலில் நின்றார். "இன்னிக்கு ஆயிரத்தொம்பது வந்துச்சு. போறதுக்கு வீடு இல்ல. அதான் இங்க வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே வழக்கம்போல ஷூவோடு உள்ளே வந்தார். வந்தவர் உட்காரவில்லை. நேராகத் துணி மூட்டைகளை நகர்த்தினார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். "அக்கா..." என்றதோடு என் நீள வாய் நின்றுவிட்டது.

"பட்டன் வெச்சு விளையாடின அன்னிக்கே குழாயைப் பார்த்துட்டேன். அன்னிக்கு வாசனை இல்ல. இன்னிக்கு இருக்கு." நுரையைத் தடவினார். இணைப்புக்குப் பக்கத்தில் ரப்பர் வெடித்திருந்த இடத்தில் குமிழிகள் கொத்தாகப் பொங்கின. வால்வை இறுக மூடினார். கதவைத் திறந்து வைத்தார். குழாயிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் என் மகளின் பாய் சுருட்டி வைத்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். நான் அந்தப் பாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

புதுக் குழாயை மாட்டிவிட்டுப் பட்டியலை எடுத்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். ஆயிரத்தொன்பது, காலி என்பதை அடித்துவிட்டு, 'குழாய் மாற்றப்பட்டது' என்று எழுதியிருந்தார்.

"எழுதாதீங்கக்கா! எங்களைத் தெருவுல நிறுத்திடுவாங்க!"

"எழுதலேன்னா, இந்தக் குழாய்க்கு எத்தனை நாள் வயசாச்சுன்னு அடுத்த தடவை எனக்கே தெரியாது. பாப்பா இங்கதானே படுக்குது?"

கத்தினேன், கெஞ்சினேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எழுதியதை அழிக்கவில்லை. அன்று அவர் போன திசையைப் பார்த்து நான் கொடுத்த சாபத்தை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

பயந்தபடியே நடந்தது. தலைமை அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்தவர்கள், இருப்பதே ஆயிரத்தெட்டு வீடு, இந்தக் குழாய் எந்த வீட்டில் மாற்றப்பட்டது என்று கேட்டுவிட்டார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் திறக்கிற கதவு ஒன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணை எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். மேலாளர் அக்காவைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். நான் அதற்குள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலாளர் உள்ளே வந்ததும் சரிந்த கூரையில் நெற்றியை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தபடியே சிலிண்டரைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், மகளின் பள்ளிப் பையைப் பார்த்தார்.

"இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"ஏழு வருஷம் சார்." பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"இது இருக்கறதுக்கான இடமே இல்லம்மா. நான் என்ன பண்றது சொல்லுங்க?"

அக்காதான் பேசினார். "எண்ணை எடுத்துட்டா மறுபடியும் ஆயிரத்தெட்டு சார். நீங்க நூறுன்னு சொல்லுவீங்க, நான் மாடிக்கு மூணு கதவையே சுத்திச் சுத்தி வருவேன். அந்தத் தொட்டில் இருக்கிற வீட்டுக்குப் போகவே மாட்டேன். அவங்க கேக்கறது ஒரு கதவுதானே? கதவு இருக்கு. அதுக்கு உள்ளதான் நாம நிக்கறோம்."

மேலாளர் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க அக்காவின் வகுத்தல்கள், ஏழிலிருந்து முப்பத்தொன்று வரை, ஒவ்வொன்றின் கீழும் மீதியோடு. நான் அதைத் துடைக்கவே இல்லை. அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

பிறகு கைப்பேசியை எடுத்துத் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார். "சார், கட்டடத்துல ஒரு வீடு கணக்குல விட்டுப்போயிருக்கு. ஆமா சார், ரொம்ப வருஷமா."

சும்மா விடவில்லை. சிலிண்டர் வெளியே கம்பிக் கூண்டுக்குள் போக வேண்டும், சுவரில் ஒரு ஜன்னல் திறக்க வேண்டும், பாய் எதிர்ப் பக்கம் போட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பானைக்குள் உட்காரச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். அவர்கள் போன பிறகு சாக்கிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோதுதான் அழுகை வந்தது.

அக்கா எனக்கு என்ன உறவு? ரத்தமும் இல்லை, சொந்தமும் இல்லை. எழுதாமல் இருந்திருந்தால் எங்கள் நட்பு சுலபமாக இருந்திருக்கும். என் மகள் இன்றைக்கு இருக்கிறாள், எங்களுக்குக் கூரை இருக்கிறது என்றால் அந்த மூக்கும் அந்தப் பிடிவாதமும்தான் காரணம். இதை நான் துணி கொண்டு வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். முதல் வீடு, ஐந்தாம் வீடு, ஒன்பதாம் வீட்டுக்காரர்களிடம் இரண்டு தடவை சொல்கிறேன்.

ஜன்னல் வைத்த மறுவாரம் பெயின்டர் வந்தார். "ஆயிரத்தெட்டோட முடியுதே, இது என்னம்மா புதுசா?" என்று கேட்டுக்கொண்டே கதவின் வெளிப்பக்கத்தில் கறுப்பு வண்ணத்தில் 1009 என்று எழுதினார். மற்றக் கதவுகளில் இருக்கிற அதே அளவு, அதே எழுத்து. மகள் பள்ளிவிட்டு வந்து வண்ணம் காயும்வரை அங்கேயே நின்று ஈ விரட்டினாள்.

அடுத்த சுற்றில் மேலாளர் என்ன எண் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எப்போது வருவார் என்றும் தெரியாது. ஒரு நாள் காலை, நான் யாருடைய சட்டைக் காலரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது படியில் அந்த ஷூ சத்தம் இறங்கி வந்து என் வாசலில் நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மூக்கக்கா குனிந்து நாடாவை அவிழ்த்து, அந்தப் பெரிய கறுப்பு ஷூ இரண்டையும் கழற்றிச் சுவர் ஓரமாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கேஸ் செக்கிங்ங்க. உள்ள வரலாமா?"

"வாங்க" என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதுவரை அவர் வெளியேதான் நின்றார்.